மஞ்சள் உருண்டை

தொண்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்பளி நூல் கடை ஒன்று இருக்கிறது. இந்த வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்டால், "பச்சப்புள்ளைக்குத் தொப்பி வேணும்ல" என்பார் கடைக்கார லாத்தா; அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மூக்கு நுனியில் கண்ணாடி. பின்ன எடுத்த வரிசை முடியும்வரை, யார் வந்து நின்றாலும் ஊசியை நிறுத்த மாட்டார்.

அதே சாயத்தில் நூல் மறுபடி கிடைக்காது என்பதால், பின்னத் தொடங்கியவர்களுக்கென்று கூடுதலாக ஒரு நூல் உருண்டையை எடுத்து, கோணல் எழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டி மேல்தட்டில் வைப்பார் அவர் கணவர். எனக்கும் ஒரு மஞ்சள் உருண்டை இருந்தது.

ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துப் போய், "என் உருண்டைய வேற யாருக்காவது குடுத்துருங்க லாத்தா" என்றேன்.

பாதி வரிசையில் ஊசி நின்றது. சீட்டை அவிழ்க்கக் கணவர் கை நீட்டினார்.

"அது அங்கனயே இருக்கட்டும்," என்றார் லாத்தா. "ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப வாம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பி நடந்துவிட்டேன்.

மூன்று வருடமாகிறது. நேற்று அந்தப் பக்கம் போனபோது மேல்தட்டை எட்டிப் பார்த்தேன். மங்கிப்போன என் பெயரின் மேலேயே, அதே கோணல் எழுத்தில், புது மையில் மறுபடி எழுதியிருந்தது.