அவர் கையில் அடித்துப் பார்த்த லேசர்

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். ஸ்டாண்டிலிருந்து நேராக வந்ததால் காக்கிச் சட்டையோடு இருந்த என் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய அக்கா, எனக்கு மைனி. ஏற்பாடு முழுக்க அவருடையது. மெஷினைப் பொறுப்பில் வைத்திருந்த வெள்ளைக்கோட்டுப் பெண். பிறகு, மூலையில் முகம் நிறைய எதையோ பூசிக்கொண்டு கண்மூடிச் சாய்ந்திருந்த ஒருத்தி. அவள் எங்களோடு வந்தவள் அல்ல. ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மோவாயில் முடி முளைக்கிற விஷயம் மெஷின்காரியை விட்டால், வீட்டுக்கு வெளியே தெரிந்த முதல் ஆள் அவள்தான்.

முடி என்றால் பூனைமயிர் அல்ல. கறுத்து, தடித்து, காலையில் சிரைத்தால் சாயங்காலம் விரலில் குத்தும். நான் வீட்டிலேயே துணி தைக்கிறவள். தோள் அளவெடுக்கும்போது வந்தவளின் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் டேப்பு மட்டும்தான் இருக்கும். அதனால் மாஸ்க்கு போட்டேன். கொரோனா போய்விட்டதை எங்கள் ஊரில் கடைசியாக ஒப்புக்கொண்டவள் நான்தான். ஆனால் என் தோலுக்கு மாஸ்க்கும் ஆகாது. புது சோப்பு ஆகாது, கவரிங் நகை ஆகாது, நூல் வைத்துப் பிடுங்கினால் மூன்று நாள் தடிப்பு. முடி போக்குகிற கிரீம் ஒருமுறை போட்டு, முடி அப்படியே நின்று தோல் போனது. மாஸ்க்குக்குள் வேர்த்து, சிரைத்த இடமெல்லாம் பொரிந்து, கடைசியில் மோவாய் ஒரு கருகிய தோசையின் ஓரம் மாதிரி ஆயிற்று.

மைனி ஒருநாள் மாஸ்க்கை இழுத்துப் பார்த்துவிட்டு, “கொள்ளாம். மீசை வச்ச மாப்பிளைக்கு தாடி வச்ச பெண்டாட்டி. குடும்ப போட்டோவில ஆரு ஆருன்னு எழுதி ஒட்டணும்” என்றார். மறுநாள் களியக்காவிளையில் ஒரு பியூட்டி பார்லரில் லேசருக்கு விளம்பரத் தட்டி வைத்திருப்பதைப் பார்த்து, என்னைக் கேட்காமலே போனில் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். கேட்டதற்கு, “கேட்டிருந்தா நீ வரமாட்ட. உன்னைப் பிடிச்சுக் கெட்டத்தான் அந்தப் பைசா” என்றார்.

எனக்குப் பயம் முடியைப் பற்றி அல்ல. முடி இருந்தால் சிரைக்கலாம். முகத்தில் சூட்டுத் தழும்பு விழுந்தால் அதைச் சிரைக்க முடியாது. இதை நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவருடைய ஆட்டோவுக்குக் கேரளா பெர்மிட்டு மட்டும்தான் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்திலேயே நிறுத்திவிட்டு, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் களியக்காவிளைக்கு நடந்தோம். நடக்கும்போதும் சொன்னேன். மைனி குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்களிடம் கேள்வி கேட்கக் கூச்சம் உண்டு. ஆனால் பயம் வந்தால் கூச்சம் போய்விடும். வெள்ளைக்கோட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

“எனக்கு எதைப் போட்டாலும் தடிக்கும். என்னை மாதிரி கறுத்த தோலுக்கு இது ஆகுமா மோளே?”

“எல்லா ஸ்கின்னுக்கும் ஒரே மெஷின்தான் அக்கா. ஒரே செட்டிங்தான்.”

அவள் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் நான் ஒரு பிளவுசு தைப்பதற்கே ஆளுக்கு ஆள் அளவெடுக்கிறேன்.

“டாக்டர் உண்டா?”

“டாக்டர் வருவாங்க.”

“எப்போ?”

“தேவைப்பட்டா வருவாங்க.”

“ஒரு சின்ன இடத்தில, காதுக்குக் கீழ, ஒண்ணு மட்டும் அடிச்சிட்டு ரெண்டு வாரம் பாத்துட்டு வரட்டா?”

“அதெல்லாம் தேவையில்ல அக்கா. இன்னைக்கே தொடங்கினாத்தான் ஆஃபர் ரேட்டு.”

மைனி என் முதுகில் கையை வைத்து நாற்காலியின் பக்கம் தள்ளினார். “இருக்கியா, இல்ல நான் இருத்தட்டா? தாலி கெட்டும்போ கூட நீ இவ்வளவு கேள்வி கேக்கல.”

“கேட்டிருக்கணும்” என்றேன். மூலையில் பூச்சுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்து நின்றது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். வழக்கமாக இம்மாதிரி இடங்களில் அவர் பேசுகிறவர் அல்ல. வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, மெஷினுக்கு முன்னால் நீட்டினார்.

“எனக்க கையில ஒண்ணு அடிச்சுக் காட்டு. இவளுக்குப் பயம் தீரட்டு.”

“எலே, உனக்கு எதுக்குடே?” என்றார் மைனி.

“கெடக்கட்டு. கை எனக்க கைதானே.”

அந்தக் கை வருஷக்கணக்காக ஆட்டோவுக்கு வெளியே தொங்கி வெயிலில் வறண்ட கை. இடது கையும் வலது கையும் ஒரே ஆளுடையது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளைக்கோட்டுப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் இடம் சிரைத்து, குளிர்ந்த பசை தடவி, எங்களுக்கெல்லாம் கறுத்த கண்ணாடி கொடுத்து, அடித்தாள். டிக் என்று ஒரு சத்தம். பக்கத்தில் இன்னொன்று. வாட்டிய கோழியின் மணம் வந்தது.

“எறும்பு கடிச்ச மாதிரி ஆக்கும். ஒண்ணும் இல்ல” என்றார் அவர்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். செருப்புக்குள் விரல்கள் எல்லாம் சுருண்டு இருந்தன. இந்த ஆள் பொய் சொல்லும்போது முகம் அசையாது. கால்விரல் சொல்லிவிடும். என் தங்கை கல்யாணத்துக்கு நகை அடகு வைத்ததை நான் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.

“வாங்க போவோம்” என்றேன். “ரெண்டு வாரம் கழிச்சு வாறேன் மோளே.”

திரும்பும் வழியில் மைனி என்னிடம் பேசவில்லை. தம்பியிடம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஐயாயிரம் ரூபாய் தண்ணியில் போயிற்று, தம்பிக்காவது தைரியம் உண்டு, வந்து வாய்த்தது இப்படி என்றார். என் வீட்டுக்காரர் ஆட்டோவை ஓட்டினார்.

மறுநாள் காலையில் அவர் கையில் சீட்டுக்கட்டுச் சீட்டைச் சின்னதாக்கின மாதிரி, ஓரம் வளையாத இரண்டு கொப்புளம். பக்கத்தில் பக்கத்தில், அளந்து வைத்தது போல. நான் கேட்டதும், “இன்ஜின் சூடு பட்டிருச்சு” என்றார். ஆட்டோவின் இன்ஜின் பின்னால் இருக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் படுத்தால்தான் படும். கொப்புளத்தை ஊசியால் குத்தப் போனவரைத் தடுத்து, நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் என்னைவிட இளையவர். முதலில் என் வீட்டுக்காரர் மட்டும்தான் நோயாளி என்று நினைத்துக் கையைப் பார்த்து மருந்து எழுதினார். பிறகு கதை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் மலையாளத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“இந்தக் கை வெயிலில் கறுத்த கை. இதில் நானானால் அடிக்கவே மாட்டேன். அந்த மெஷின் கெட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவர்கள் எதுவும் கேட்காமல் அடித்தார்கள் என்றுதான் சொல்ல முடியும்.”

பிறகு என்னிடம் கேட்கத் தொடங்கினார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், பிடுங்குகிறேனா சிரைக்கிறேனா, காயம் பட்டால் தழும்பு தடித்து நிற்குமா, வெயிலில் எவ்வளவு நேரம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் யாரோ ஒருவர் என்னைவிட அதிகமாகக் கவலைப்படுவது எனக்கு நிம்மதியாக இருந்தது. முடி ஏன் வருகிறது என்று தெரிய முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். இனி பிடுங்கக் கூடாது, வேர் இருந்தால்தான் லேசருக்குப் பிடி கிடைக்கும், சிரைக்கலாம் என்றார். எங்கள் நிறத்துக்கு மேல்தோலை அதிகம் தொடாமல் ஆழத்தில் போகிற வகை லேசர் உண்டு, அதையும் குறைந்த சூட்டில்தான் தொடங்கவேண்டும் என்றார்.

“முழுக்கப் போயிருமா டாக்டரே?”

“இல்லை. குறையும். முழுக்கப் போகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பொரிந்தது ஆறாமல் நான் முகத்தில் தொடவும் மாட்டேன்.”

கெட்டதை முதலில் சொல்லுகிறவர்கள்மேல்தான் எனக்கு நம்பிக்கை. ரத்தம் கொடுத்துவிட்டு, பொரிந்தது ஆறும்வரை காத்திருந்து போனேன். தாடைக்குக் கீழே, கழுத்து மறைக்கிற இடத்தில், ஒன்றே ஒன்று அடித்தார்கள். “பேடிக்கண்ட, சேச்சி”, பயப்பட வேண்டாம் என்று சொல்லி டாக்டர் பக்கத்திலேயே நின்றார். என் வீட்டுக்காரர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கொஞ்சம் சிவந்தது, இரவுக்குள் போயிற்று. ஆனாலும் இரண்டு வாரம் கைக்கண்ணாடியும் டார்ச்சுமாக இருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராதது பற்றியும் ஒரு நாள் டாக்டருக்குப் போன் செய்தேன். பிறகுதான் மோவாயில் தொடங்கினோம்.

இதற்கிடையில் மைனி தனியாகப் பார்லருக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அட்வான்ஸ் திரும்பத் தருவதில்லை என்றார்களாம். “எனக்க தம்பிக்க கையைப் பொள்ள வச்சதுக்கு உங்க ரேட்டு என்ன?” என்று வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் போனில் கொப்புளத்தின் படத்தைக் காட்டினாராம். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கையில் அடித்த இரண்டு அடிக்குக் காசு பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார்களாம்.

மூன்றாவது தடவை முடிந்த வாரம், மைனி வெளிச்சத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், மோவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். தழும்போ பாடோ ஒன்றும் இல்லை. அவருக்கும் தெரிந்தது.

“இன்னும் நாலஞ்சு நிக்குது கேட்டியா” என்றார்.

“குறையும்னுதான் டாக்டர் சொன்னாங்க மைனி.”

“நல்லாத்தான் இருக்கு. அப்போ பார்லர்ல போன மிச்சப் பைசா மூவாயிரத்தஞ்ஞூறும் நீதான் தரணும். பயந்து ஓடினது நீயாக்கும், நான் இல்ல.”

நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் என் முகம் அவர் கையில் இருக்கும்போது தர்க்கம் செய்ய முடியாது. சரி என்றேன். அவருக்கு இரண்டு பிளவுசு தைத்துக் கொடுத்ததில் அறுநூற்றைம்பது கழித்துக்கொண்டார். இனி நான் கொடுக்க வேண்டியது இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.