ஒரு பிடி யூரியாவும் முதலாளியின் மீன்தொட்டியும்

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க முதலாளி மதராசுக்குப் போய் எட்டு நாளாகிறது. உரக்கடையையும், அதன் முகப்பில் செடியெல்லாம் நட்டு அவர் பிள்ளைபோல் வளர்க்கும் கண்ணாடி மீன்தொட்டியையும் என் பொறுப்பில் விட்டுப் போனார்.

இன்று காலை பார்த்தால் தொட்டிக்குள் ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. தண்ணீர் அவ்வளவு பச்சை. கண்ணாடியெல்லாம் வழவழவென்று பாசி.

அந்நேரம் எலுமிச்சைத் தோட்டத்துக்கு உரம் வாங்க வந்தார், துபாயிலிருந்து திரும்பிய கடையநல்லூர் பாய் ஒருவர். அங்கே வேலை பார்த்த வீட்டில் மீன்தொட்டியைக் கவனித்தவராம்.

"வே, தண்ணில என்னத்தப் போட்டீரு?"

"உள்ள இருக்க செடி வெளுத்துப் போச்சு பாய். அதான் மூணு நாளைக்கு முந்தி ஒரு பிடி யூரியா..."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"செடி திங்கதுக்கு முந்தி பாசி தின்னுட்டுல்லா! மீனு உசுரோட இருக்கா?"

"தெரியலையே பாய்."

"பாதித் தண்ணிய மாத்தும். வெளிச்சம் படாம கறுப்புத் துணியப் போட்டு மூடும். நாலு நாளைக்குத் தொறக்கப்படாது."

மாற்றினேன், மூடினேன். உள்ளே நீந்துகின்றனவா, மிதக்கின்றனவா என்று கண்ணாடியில் காதை வைத்துக்கூடக் கேட்டுவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

முதலாளி நாளைக் காலை வந்து இறங்குகிறார். செருப்பைக் கழற்றுமுன் தொட்டியைத்தான் பார்ப்பார்.

ஏக்கருக்கு எத்தனை கிலோ போடவேண்டுமென்று வருகிற சம்சாரிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். "எவ்வளவுலே போட்ட?" என்று அவர் கேட்டால் என்ன சொல்ல? யோசனை இருப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் சொல்லுங்கள்.