கத்திரி வெயிலில் பஞ்சுக் கோட்டு

ஜப்பானில் மாமா வேலை பார்த்த மலைக்கிராமத்தில் பனி கூரை வரைக்கும் ஏறிவிடுமாம். நாணல் வேய்ந்த செங்குத்தான கூரை. காலையில் எழுந்ததும் அதன்மேல் ஏறிப் பனியைத் தள்ளுவதுதான் மாமாவுக்கு முதல் வேலை. முள்ளங்கியைப் பனிக்குள் புதைத்து, மாதக்கணக்கில் தோண்டித் தோண்டித் தின்பார்கள். கூடத்துக்கு நடுவிலேயே அடுப்பு. இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் கெடார் பள்ளிக்கூடத்தில் நான் அளந்துவிட்டது கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா தூக்கி வளர்த்த தம்பி அவர். மூன்று வருட ஒப்பந்தம் ஆடியில் முடியவிருந்தது. ஆனால் மாமாவை வேலைக்கு வைத்திருந்த பண்ணைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. மாமாவை மகனாக வீட்டோடு வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். "எங்க அக்கா சரின்னாத்தான் இருப்பேன்" என்று மாமா சொல்லிவிட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. எனக்கோ பரம சந்தோஷம். சரி சொல்லாவிட்டால் மாமா வந்துதானே ஆக வேண்டும்!

அந்தச் சமயம் பார்த்து ஒரு பார்சல் வந்தது. பண்ணைக்கார அம்மாள் தன் கையால் தைத்து அம்மாவுக்கு அனுப்பிய, பஞ்சு அடைத்த கோட்டு. அதுவும் கத்திரி வெயிலில்!

"இத்தப் போட்டுக்கினு மல்லாட்ட புடுங்கப் போனியானா ஊரே கூடிடும்" என்று நிலக்கடலைக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டி அப்பா சிரித்தார். அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் விடுவேனா? போட்டுக் காட்டு, போட்டுக் காட்டு என்று நச்சரித்தேன்.

பார்சல் வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் இல்லை. அன்றைக்கென்று அம்மா அதை மாட்டி, நாடாவை இறுக்கி முடிந்துகொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் அடுப்போரம் இருந்த பண்ணைக்கார அம்மாள், பார்த்ததும் நெற்றி தரையில் படக் குனிந்தார். நிமிரவே இல்லை. அம்மா முகத்தில் தாரை தாரையாக வழிந்தது.

"அழுவுறியாக்கா?" என்றார் மாமா.

"வேர்வைடா. இங்க அடிக்கிற வெயிலு தெரியாதா ஒனுக்கு? மொதல்ல அவங்கள எழுந்துக்கச் சொல்லு."

"ஆமா மாமா, ஃபேனே ஓடல!" என்று போனைப் பிடுங்கி மேலே காட்டினேன். அங்கேயும் சிரித்தார்கள், இங்கேயும் சிரித்தோம்.

என் நச்சரிப்புக்குத்தான் அம்மா மசிந்தாள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டதுதான் பதில் என்று எனக்கு எங்கே தெரியும்? அவள் வாயால் சரி என்று சொல்லி நான் கேட்கவில்லையே. ஆடி பிறந்ததும், மாமா வந்துவிடுவார் என்று தினமும் சாயங்காலம் பஸ் நிற்குமிடத்தில் போய் நின்றேன். அம்மா தடுக்கவில்லை. எதற்கென்று விளங்கவில்லை, அவளும் கூடவே வந்து நின்றாள்.