வலித்தது இடது தோள்

அப்பாவுக்குக் கால் உடைந்தது என்பது வரைக்கும்தான் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். சாயங்காலம் வந்ததும் "கால்ல அடி" என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். மீதியை யாரும் சொல்லவில்லை. அப்பா நானும் சொல்லவில்லை. பல தடவை ஆரம்பித்துப் பார்த்தேன், வாய் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

காலை பத்து மணி இருக்கும். அரியக்குடியில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் கதவு அளவெடுத்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகமில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன், அதுவும் முக்கில் போலீஸ் நிற்பார்களே என்றுதான். முன்னால் போன மினி லாரி சட்டென்று வலது பக்கம் திரும்பியது. பிரேக் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது வானம். நடுவில் நடந்ததை இன்று வரை என்னால் பிடிக்க முடியவில்லை.

மல்லாக்கக் கிடந்தேன். வண்டி என் மேல் சாய்ந்து, ஹேண்டில்பாரின் முனை இடது விலாவில் குத்திக்கொண்டிருந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே, வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. அது என் கால் என்று மனம் ஒத்துக்கொள்ளவே இல்லை. யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தேன். ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். நான் அவர்களிடம் என்ன கேட்டேன் தெரியுமா? என் அளவு டேப்பை.

"உசுரு இருக்கான்னு நாம பாத்துக்கிட்டு நிக்கோம், இவுக டேப்பக் கேக்குறாக" என்றார் ஒருவர்.

ஆம்புலன்ஸ் வந்தது. காலுக்குப் பலகை வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் உடம்பெல்லாம் அழுத்திப் பார்த்தார். வயிற்றையும் அழுத்தினார், அப்போது வலிக்கவில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "ரெண்டு எலும்பும் உடைஞ்சிருக்கு. கம்பி வைக்கணும். ஆனா நாளைக்குக் காலைல வரைக்கும் உங்கள நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பி என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அதற்குள் உங்கள் அம்மாவும் மாமாவும் வந்துவிட்டார்கள். மாமா ஒரு காரையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எலும்புக்குப் பச்சிலைக் கட்டுப் போடும் வைத்தியர் ஒருவர் மாமாவுக்குப் பழக்கம். அவர் ஊருக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும்.

"கம்பி வச்சா அப்பறம் குந்தி உக்காரவே முடியாது மாப்ள. நம்ம வேல பூராம் தரையில. நீ என்ன நாற்காலியில உக்காந்தா இழைப்புளி தள்ளுவ?" என்றார் மாமா. முன்பு உடைந்து அந்த வைத்தியரிடம் கட்டுப் போட்ட தன் மணிக்கட்டைச் சுற்றிக் காட்டினார். "மூணே கட்டு. எப்புடிச் சுத்துது பாரு."

"டாக்டர் இன்னும் என்ன சொல்றாகன்னு ஒரு வார்த்த கேப்பம்ண்ணே" என்றார் அம்மா.

"டாக்டரா வந்து மரம் இழைக்கப் போறாரு?"

எனக்கும் அதே பயம்தான். தச்சனுக்குக் குந்த முடியாவிட்டால் கையிருந்து என்ன பயன் என்று நினைத்தேன். ஊசி போட்டிருந்ததால் கால் வலி அடங்கியிருந்தது. நாக்கு வறண்டது. கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. "பாரு, தூக்கம் வருது. இனி பயமில்ல" என்று மாமா அம்மாவுக்குத் தைரியம் சொன்னார்.

சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார். நாற்பது வயதிருக்கும், கண்டிப்பான முகம். அம்மா வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். மாமா சட்டைப் பையில் பேனா தேடினார்.

"நானே போடுறேன். பேனாவக் குடுங்க சிஸ்டர்" என்றேன்.

இடது கையில் பேனாவை வாங்கினேன். வலது கையால் தோளைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தோள்ல அடியாண்ணே?"

"இல்ல சிஸ்டர். மரம் தூக்குற தோளு. எப்பவும் உள்ள வலிதான்."

"எந்தத் தோள்ல தூக்குவீக?"

"வலது தோள்ல."

சொல்லிவிட்டேன். அவர் கண்ணால் என் கையைக் காட்டினார். நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். அது இடது தோளில் இருந்தது. இடது தோளில் நான் ஒரு சட்டத்தைக்கூடச் சுமந்ததில்லை.

"விலாவுல எங்கயும் இடிச்சுச்சா?"

"ஹேண்டில்பார் குத்துச்சு. சும்மா செராய்ப்புத்தான்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு இடது விலாவுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் என் கையிலிருந்த காகிதத்தை உருவி மடித்து வைத்துக்கொண்டார். "இவுகள எங்குட்டும் கொண்டுபோகக் கூடாது."

"கால் உடைஞ்சு வந்த ஆளும்மா. வயித்துல என்னத்தப் பாக்குறீக?" என்று மாமா கேட்டார்.

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. டாக்டரைக் கூப்பிட ஓடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. வயிற்றில் குளிர்ந்த பசை, ஸ்கேன். டாக்டரின் குரல்: "உள்ள ரத்தம் நிறைஞ்சிருக்கு." கட்டில் சக்கரங்களின் சத்தம். யாரோ கன்னத்தில் தட்டி "தூங்காதீக, தூங்காதீக" என்றார்கள். எனக்கு அந்தத் தூக்கம் அவ்வளவு சுகமாக இருந்தது. சாவு வந்தால் வலிக்கும், பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கொட்டாவி.

இரண்டு நாள் கழித்துத்தான் தெளிவாகக் கண் விழித்தேன். விலாவுக்கு உள்ளே மண்ணீரல் என்று ஒன்று இருக்கிறதாம். அது கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. அங்கே ரத்தம் தேங்கினால் வலி இடது தோளில் தெரியுமாம். தோளில் அடியே பட்டிருக்காது. டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அது இல்லாத உடம்பில் கிருமி சீக்கிரம் தொற்றிக்கொள்ளுமாம். எனக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் அம்மா உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவது அதனால்தான்.

"கார்ல போயிருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டீங்க" என்றார்.

பிறகு காலுக்குக் கம்பி வைத்தார்கள். முழுதாகக் குந்த வரவில்லை. உயரமான பலகை போட்டு உட்கார்ந்து இழைக்கிறேன். வேலை நடக்கிறது.

மாமா அன்றைக்கே ரத்தம் கொடுத்திருக்கிறார். ஆனால் என் கட்டில் பக்கம் வரவில்லை. வராந்தாவிலேயே நின்றாராம். அம்மா போய்க் கூப்பிட்டு, ஐந்தாம் நாள்தான் வந்தார். கால்மாட்டில் நின்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"குலுங்கக் கூடாதுன்னு பின் சீட்டுல மெத்த போட்டு வச்சிருந்தேன் மாப்ள" என்றார். "தலகாணிகூட ரெண்டு."

அவ்வளவுதான் சொன்னார். ஆறடி மனுசன், தோள் குலுங்க நின்றார். "விடுங்க மச்சான், நாந்தான பேனாக் கேட்டேன்" என்றேன்.

இதைப் படித்த பிறகு மாமா மேல் கோபப்படாதீர்கள். கேலியாகக்கூட அவரிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் என்னைத் தூக்கிப் போக நினைத்தது பிரியத்தில்தான். அந்த நர்ஸ் கேட்காமல் இருந்திருந்தால், அந்தப் பிரியத்தோடு மெத்தையில் படுத்துக் கொட்டாவி விட்டபடியே நான் போயிருப்பேன். மாமாவும் நானும், இரண்டு பேருமே நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்போம்.