மூன்றாவது அலையின் முதுகில்

வல்லாஹி, இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்லியிருப்பேன்.

சாய்ந்தமருது கடற்கரையில் நளீம் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஆழ்கடல் மீனுக்குப் பொய் இரை கட்டுகிற நளீம். எந்த வெளிச்சத்துக்கு எந்த நிறம், எந்த மீனுக்கு எந்த இரை என்று வட்ஸ்அப் குழுவில் நான் போட்ட குரல் பதிவுகளை நீங்களும் கேட்டிருக்கலாம். ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒன்றும் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அது பொய்.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, ஆளில்லாத வீடு என்று நினைப்பீர்கள். எனக்கு நடந்தது பின்னேரம் 4.35க்குத் தொடங்கி 6.24க்கு முடிந்தது. வெயில் இருந்தது. கடல் தட்டுப்போல் கிடந்தது.

முதலில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு நடந்தது உங்களுக்கு விளங்காது.

பெரிய சூரை, தளபத்து எல்லாம் பசியில் மட்டும் வந்து கடிப்பதில்லை. ஆசை காட்ட வேண்டும். நண்பகலில் ரோசாவும் வெள்ளியும். வெயில் சாய்ந்தால் கறுப்பும் ஊதாவும், ஏனென்றால் கீழிருந்து பார்க்கிற மீனுக்கு இருட்டான உருவம்தான் தெளிவாகத் தெரியும். இரையின் தலையைக் குடைந்து வைத்தால் காற்றை விழுங்கி 'குபுக்… குபுக்…' என்று சத்தம் போடும். இதெல்லாம் எவருக்கும் தெரிந்ததுதான். என் கைவேலை வேறு.

நான் முதலில் விடுவது தூண்டில் இல்லாத வெறும் இரை. போட் ஓட ஓட, பின்னால் எழுகிற மூன்றாவது அலையின் முதுகில் அது நிற்க வேண்டும். மீன் வரும். வாயைத் திறக்கிற நேரம் இழுத்துவிடுவேன். திரும்பக் காட்டுவேன். திரும்ப இழுப்பேன். மூன்று தரம். அதற்குள் மீனுக்கு விசர் பிடித்துவிடும். அப்போது தூண்டில் உள்ளதைப் போடுவேன். கடித்தவுடன் சுண்டி இழுக்கக் கூடாது. ஐந்து எண்ண வேண்டும். அது ஆசையாக விழுங்கட்டும்.

இன்னொன்று. கூட்டமாகத் திரிகிற மீன் என்றால், முதலில் பிடிபட்டதைப் போட்டில் ஏற்றக் கூடாது. உயிரோடு தண்ணீரிலேயே விட்டுவைக்க வேண்டும். அது துடிக்கத் துடிக்க மற்றவை அதைத் தேடி வரும்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இனி ஏப்ரலில் நான் செய்த வேலைக்கு வருகிறேன். எங்கள் போட்டில் இரண்டே பேர். நானும், என் மனைவி ஜெனூபாவின் தம்பி சுபியானும். ஏப்ரல் 18, காலை 9.10. கரையிலிருந்து இருபத்திரண்டு மைல். ஏதோ மிதந்தது. ஆழ்கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தாலும் எங்களுக்குப் பெருநாள். அதன் நிழலுக்கு மீன் கூடும். கிட்டப் போனோம்.

மரக்கட்டை இல்லை. ஓர் ஆள். நீலச் சட்டை. வெறும் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கையோடு கட்டியிருந்தான். மல்லாந்து கிடந்தான். முகம் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. கண் மூடியிருந்தது. அவனுக்குக் கீழே சூரை, நூறு இருக்கும், மின்னி மின்னித் திரும்பியது.

"மையித்து மச்சான், செத்துப் போயிட்டான்," என்றான் சுபியான். "ஏத்துவம். கரைக்குக் கொண்டு போவம்."

"ஏத்தினா பொலிஸ், கோடு, கச்சேரி எண்டு வழக்குக்கு அலையணும். ஒரு கிழமைக்குக் கடலே இல்ல. பொறு."

"மையித்த உட்டுட்டு மீன் புடிக்கிறதா? என்ன மச்சான் கதைக்கிறீங்க? அடக்குறது நம்மட கடமை."

"நாளைக்கு அடக்குவம்."

அவன் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"மச்சான்… கை அசைஞ்ச மாதிரி இரிக்கி."

"அலையடா."

நான் அவனைத் தொடவில்லை. தொட்டால் மையித்து, தொடாவிட்டால் மிதக்கிற கட்டை. அப்படித்தான் என் புத்தி போனது. நீளக் கம்பின் நுனியில் பச்சை நைலோன் கயிற்றைச் சுருக்குப் போட்டு, எட்டி நின்று அவன் காலில் மாட்டி இறுக்கினேன். மறுமுனையில் சிவப்புக் கொடி வைத்த மிதப்பு. வலைக்குப் போடுகிற மினுக்கு லைட் ஒன்று. நாளைக்குத் தேடிப் பிடிக்க வேண்டுமே.

அன்றைக்குப் பதினொரு சூரை. மறுநாள் பத்தொன்பது. அவனைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். சுபியான் சாப்பிடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் போனபோது மிதப்பும் கொடியும் இருந்தன. ஆள் இல்லை. கயிற்றின் சுருக்கு அறுந்திருக்கவில்லை, தளர்ந்து விரிந்திருந்தது. அலை தளர்த்தியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மிதப்பைக் கொண்டுவந்து வீட்டில் சோறாக்குகிற குசினிக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சுபியானையும் சொல்லவிடவில்லை.

ஜூன் 11. அன்று பகல் முழுக்க ஒரு கடி இல்லை. 4.20க்கு ரோசா இரைகளைக் கழற்றி, கறுப்பும் ஊதாவும் மாற்றினேன்.

4.35க்கு முன்னால் ஒரு வெளிச்சம் மினுங்கியது. சிவப்புக் கொடி. மிதப்பு.

"ஆர்ர மிதப்பு?" என்றேன்.

சுபியான் கொடியைக் கை காட்டினான். எனக்கும் தெரிந்தது. அந்தக் கொடி ஜெனூபாவின் பழைய பாவாடையில் நான் கிழித்தது. ஓரத்தில் வெள்ளைப் பூ வேலை. அது காலையிலும் எங்கள் குசினிக்குப் பின்னால் தொங்கியது. என் கண்ணால் பார்த்தேன்.

கிட்டப் போனோம். மிதப்பு நகர்ந்தது. காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம். அது இரண்டுக்கும் எதிரே போனது.

ஜீபிஎஸ்ஸைப் பார்த்தேன். எங்கள் வேகம் மணிக்கு ஏழு மைல். அதன் வேகமும் அதுதான். கூட்டினால் கூடியது. குறைத்தால் குறைந்தது.

எங்களுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத போட் ஒன்றின் பின்னால் எழுவதுபோல் அலைகள், ஒன்று, இரண்டு, மூன்று… மூன்றாவது அலையின் முதுகில்.

அப்போதாவது திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

5.12. சத்தம் வந்தது.

குபுக்… குபுக்…

நான் குடைந்த இரையின் அதே சத்தம். ஆனால் தண்ணீர் குடிக்கிற தொண்டைச் சத்தமும் அதில் இருந்தது.

"மச்சான், பாருங்க!" சுபியான் எழுந்து நின்றான். "ஆள்! கையக் காட்டுறான்! உயிரோட இரிக்கான்!"

நான் பார்த்தேன். ஆளைக் காணவில்லை. மிதப்புக்குக் கீழே சூரை. ஆயிரம் இருக்கும். என் வாழ்நாளில் அப்படிக் கண்டதில்லை. வாய் ஊறியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய் ஊறியது.

"ஆள் இல்லடா. மீன்!"

"நீலச் சட்டை மச்சான்! கூப்பிடுறான்!"

ஒரே இடத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு ஆள். எனக்கு மீன்.

எந்த மீனுக்கு எந்த இரை…

5.31. பத்தடி வரை போனோம். சுபியான் கையை நீட்டினான். அது விலகியது.

5.48. ஐந்தடி. திரும்ப விலகியது. சுபியான் அழுதான். "இந்த முற உட மாட்டன்! கேக்குதா? இந்த முற உட மாட்டன்!"

6.05. தொடும் தூரம். அவன் விரல் பட்டது என்றான். விலகியது.

மூன்று தரம்.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. இது என் வேலை. ஒவ்வொன்றும் என் வேலை. இதுவரை காட்டியது தூண்டில் இல்லாத இரை…

"சுபியான், இரி! கைய நீட்டாத! கரைக்குத் திருப்புறன்!"

"உங்களுக்கு இப்பயும் மீன்தானே மச்சான்!"

சுக்கானைத் திருப்பினேன். இயந்திரம் நின்றுவிட்டது.

6.19.

அது தானாக வந்தது. போட்டின் ஓரத்தில் நின்றது.

எனக்கு அப்போதும் ஆள் தெரியவில்லை. சுபியான் குனிந்தான். இரண்டு கையாலும் எதையோ பிடித்தான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"புடிச்சிட்டன் மச்சான்… கை சுடுது… உயிர் இரிக்கி…"

ஒன்று.

எண்ணியது நான் இல்லை.

இரண்டு.

போட்டின் அடிப்பலகைக்குக் கீழிருந்து வந்தது. ஆம்பிளைக் குரல். ஈரமாக.

மூன்று.

"உடு! சுபியான், உடு!"

நான்கு.

"கைய எடுக்க ஏலாம இரிக்கி மச்சான்…"

ஐந்து.

தண்ணீர் தெறிக்கவில்லை. சத்தம் இல்லை. அவன் இருந்த இடத்தில் ஒரு செருப்பு கிடந்தது.

6.24.

நான் குதிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன். குதிக்கவில்லை. இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கியதும் கரையைப் பார்த்து ஓடினேன்.

கடற்படையும் ஊர் போட்களும் நான்கு நாள் தேடின. தவறி விழுந்துவிட்டான் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். ஜெனூபாவிடமும் அப்படித்தான் சொன்னேன். குசினிக்குப் பின்னால் மிதப்பு ஆணியிலேயே தொங்கியது. கொடி காய்ந்திருந்தது. கயிறு நனைந்திருந்தது.

எட்டாம் நாள் தம்பிலுவிலிலிருந்து அழகரெத்தினம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கடலில் பழக்கமான மனிதர். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் வேலைவெட்டியை விட்டுச் சுபியானைத் தேடியவர். கதிரையில் குந்தக்கூட இல்லை.

"தம்பி நளீம், உங்கட மச்சான் உசிரோட இருக்கான். நேத்துப் பின்னேரம் கண்ட நாங்க. நடுக்கடல்ல, நெஞ்சளவு தண்ணியில நிக்கிற மாதிரி நிண்டு கையக் காட்டுறான். கிட்டப் போகப் போக விலகிப் போறான். நாளைக்கு நாலு போட்டில போறம்."

உள்ளே ஜெனூபா ஓவென்று அழுதாள். அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். பிடிபட்டதை ஏற்றக் கூடாது, உயிரோடு தண்ணீரிலேயே விட்டுவைக்க வேண்டும், மற்றவை தேடி வரும்…

"ஏன் அண்ணன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க?" என்றுதான் கேட்க முடிந்தது.

அவர் கண்ணைத் துடைத்தார்.

"எனக்கும் ஒருத்தன் போனவன் தம்பி. என்ட தம்பி கனகரெத்தினம். ஏப்ரல்ல. நீலச் சட்டையோட போனவன். ஒம்பதாம் நாள் எங்கட கரையில ஒதுங்கினான். கால்ல கயிறு கட்டின காயம். காயத்தில சீழ் கட்டியிருந்ததெண்டு டொக்டர் சொன்னவர். செத்த உடம்பில சீழ் கட்டாதாம். கயிறு கட்டினப் புறகும் ரெண்டு மூணு நாள் உசிரோட இருந்திருக்கான். கயிற அவிழ்த்து அவிழ்த்து நகமெல்லாம் பிஞ்சி கிடந்த. நகத்துக்குள்ள பச்சை நைலோன் நார். எந்தப் பாவி செஞ்ச வேலையோ…"

அவர் நின்ற இடத்திலிருந்து எட்டடியில், சுவருக்கு அந்தப் பக்கம், அந்தக் கயிறு தொங்கியது.

போக வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் நான்கு போட் போயின. மூன்று திரும்பின. அவருடைய போட்டை இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்ததாம். உள்ளே ஆளில்லை.

இப்போது இரண்டு பேர் கை காட்டுகிறார்களாம்.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், ஜெனூபா தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போகிறாள். மறித்துப் பார்த்தேன். கேட்கிறாள் இல்லை. முதல் கிழமை வெறுங்கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். போன கிழமை தூரத்தில் ஒரு புள்ளி தெரிகிறது என்றாள். இன்று 6.40க்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"இஞ்ச பாருங்க, தம்பி இண்டைக்கு நல்லாக் கிட்டத்தில நிக்கான். என்னப் பாத்துக் கைய நீட்டுறான்."

"எவ்வளவு கிட்ட?" என்றேன்.

"மூணாவது அலையில."