தென்காற்றின் தலையில் விழுந்த பழி

ரைன் பள்ளத்தாக்கில் எது கெட்டாலும் தென்காற்றின் தலையில்தான் பழி விழும். மலை தாண்டி இறங்கும் அந்த அனல்காற்றைத் தென்றல் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பால் திரிந்தாலும் அதுதான், புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொண்டாலும் அதுதான்.

இல்கா ஃபெஸ்லரும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். வெந்நீர்க் குழாய் பொருத்திக்கொண்டிருந்தவள், தானே படித்து, மண்ணின் சூட்டை அளக்கும் வேலைக்கு வந்தவள். ஊரின் புதிய மழலையர் பள்ளி சேற்று நிலத்தில், ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் நிற்கப்போகிறது. அந்தத் தூண்களுக்குள் குழாய் ஓட்டி, குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை மேலே எடுக்க வேண்டும். எத்தனை தூணில் குழாய் என்பது அவள் கணக்கு. குறைத்துவிட்டால் இருக்கும் தூண்களே சூட்டை அளவுக்கு மீறி உறிஞ்சி மண் உறைந்து வீங்கும், சுவர் பிளக்கும். காங்கிரீட் விழுந்தபின் குழாய் சேர்க்க முடியாது.

சோதனைத் தூணில் வெந்நீரைச் சுற்றவிட்டாள். திரும்பும் நீரின் சூடு ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் அந்த ஏற்றம் நின்றுவிட்டது.

"காத்துல கருவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும்," என்றார் மேற்பார்வையாளர் கெப்ஹார்ட். "இல்லேன்னா மண்ணு சூட்ட நல்லா இழுக்குதுன்னு அர்த்தம். பாதித் தூணுக்குக் குழாய் போதும்மா. திங்கக்கிழமை காங்கிரீட் வருது."

தலையாட்டிவிட்டு வந்தாள். ரொட்டியைக் கடிக்கும்போதுதான் உறைத்தது: அனல்காற்று எதையாவது குளிரவைக்குமா?

அடுத்த மனையில் அவள் தம்பி ஃபிடல் வேறொரு கட்டடத்துக்காக ஆட்களை வைத்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். அவன் பம்பு நிலத்தடி நீரை ஓயாமல் இழுத்தது. அந்த ஓட்டம் அவள் தூணின் சூட்டையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பம்பு நின்றால் மண்ணின் சாமர்த்தியமும் நின்றுவிடும்; பாதித் தூணில் குழாய் போதாது.

"ரெண்டு வாரம் நிறுத்துடா. மண்ணு ஆறணும், மறுபடி அளக்கணும்."

"குழி குளமாயிரும். வாத்து நீ வாங்கித் தர்றியா? காத்து உன் மண்டைக்கும் ஏறிடுச்சுக்கா."

"உன் பொண்ணு படிக்கப்போற பள்ளிக்கூடம்டா."

"அதுக்கு என் ஆளுங்க பட்டினி கிடக்கணுமா?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கெப்ஹார்ட்டும் கேட்கவில்லை. "கணக்குல நீ கையெழுத்துப் போடலேன்னா வேற ஆள் போடுவான்."

திங்கட்கிழமை இல்கா தன் அளவை வண்டியைப் பள்ளி மனையின் வாசலுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். பின்னால் காங்கிரீட் வண்டி உருளை சுழல நின்றது.

"பாருங்கய்யா, காத்து ஏறிடுச்சு இவளுக்கு!" என்று கத்தினார் கெப்ஹார்ட்.

காங்கிரீட் டிரைவர் அண்ணாந்து பார்த்தான். ஓர் இலை அசையவில்லை. கலவை இறுகிவிடும் என்று முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

நாளை இன்னொரு வண்டி வரும். வேலிக்கு அப்பால் ஃபிடல் அவளைப் பார்க்காமல் நின்றான். பம்பு ஓடிக்கொண்டேயிருந்தது.