இண்டிகேட்டர் போட்ட சாம்பியன்

கவரைப்பேட்டையில் ஜெரால்டு வீடு எது என்று கேட்டால், "வேன் ஓட்டுறவரா, ரேஸ் ஓட்டுறவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். வார நாட்களில் பொன்னேரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலில் இறக்கிவிடுவார். பந்தயம் இருக்கிற ஞாயிறுகளில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார்களுக்கென்று நடக்கும் போட்டியில் ஓட்டுவார். அந்தப் போட்டியில் நான்கு முறை பட்டம் வென்றவர்.

அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கழனி வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றதும் ஜெரால்டு ஒரு சர்வீஸ் நிலையத்தில் கார் கழுவச் சேர்ந்தார். கழுவிய காரை எடுத்துப்போய் நிழலில் விடுவது அவருடைய வேலை இல்லை. ஆனால் அந்த இருபதடி தூரத்துக்காகத்தான் அவர் தினமும் வேலைக்குப் போனார். அங்கே மெக்கானிக்காக இருந்த ஹேமநாத் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டு, "எல்லாரும் வண்டிய நிறுத்துவான். நீ தூங்க வெக்கிறியேடா" என்றார். சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு ஹேமநாத் கவரைப்பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டார். விபத்தில் உருண்டு, இனி ஓடாது என்று தள்ளப்பட்ட ஒரு காரை வாங்கி வந்து இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினார். முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தார்கள். மூன்றாம் வருடம் பட்டம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஹேமநாத் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். ஜெரால்டின் மனைவி மெர்சி ஜெபித்துக் கொடுத்த எண்ணெயால் பானெட்டில் சிலுவை போடப்படும். "ரெண்டு கட்சியும் கூட்டணி வெச்சாதான்டா ஆட்சி" என்பது ஹேமநாத்தின் கணக்கு.

ஜெரால்டின் ஓட்டத்தில் ஆர்ப்பாட்டம் இருக்காது. மற்றவர்கள் முதல் சுற்றிலேயே டயரைத் தேய்த்துத் தீர்த்துவிடுவார்கள். இவர் பொறுத்திருந்து, கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் தூக்கம் கலையாமல் வேன் ஓட்டிய கை அது. அந்த வேன்தான் தனக்குப் பயிற்சி என்று அவரே சொல்லுவார். அதே வேன் ஒருநாள் தன் காலையே வாரிவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

போன வருடத்தின் கடைசிப் பந்தயம். முதலாவதாக வந்தால் ஐந்தாவது பட்டம். இரண்டாவதாக வந்தால் பட்டம் நந்தினிக்கு. நந்தினி சென்னையில் பொறியியல் படிக்கிற பெண், பயமே அறியாதவள். மதியம் பிடித்த தூறலில் பந்தயம் தள்ளிப்போய், இருட்டிக்கொண்டு வந்த வானத்தின் கீழே எல்லாரும் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கடைசிச் சுற்றில் ஜெரால்டு முன்னால் இருந்தார். நீண்ட நேர்ச் சாலை. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது பின்னால் ஒட்டி வந்த நந்தினி விளக்கை இரண்டு முறை மின்னவிட்டாள்.

ஜெரால்டின் கார் இடது இண்டிகேட்டரைப் போட்டது. மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கியது. நந்தினி தாண்டிப் போனாள். பட்டமும் போனது.

ராத்திரிக்குள், யாரோ எடுத்த வீடியோ எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. முதலில் சிரித்தார்கள். மறுநாள் சிரிப்பு வேறு பேச்சாக மாறியது. நான்கு முறை ஜெயித்தவன் கடைசிச் சுற்றில் சும்மாவா வழி விடுவான்? டீக்கடையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "எவ்ளோ டப்பு நைனா வாங்குன?"

ஜெரால்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வேனில் ஏறிய பெண்கள் மட்டும் பழையபடி இருந்தார்கள். முன் சீட்டில் உட்காருகிற கன்னியம்மா, "இன்னாண்ணா, ரேசுலயும் எங்கள ஏத்திக்கினு போனியா?" என்றாள்.

"ஆமா, நீதான் பின்னாடி குறட்ட உட்டுக்கினு இருந்த" என்றார் ஜெரால்டு. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

கன்னியம்மாவுக்கு விளக்கம் தேவையில்லை. ஷிப்ட் வேன் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் இரண்டு முறை விளக்கு மின்னினால் யார், எதற்கு என்று பார்க்கக்கூடாது. இடது போட்டு ஒதுங்கிவிட வேண்டும். சென்னையிலிருந்து வடக்கே போகிற ஜி.என்.டி. ரோட்டில் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர்கள் வரும். அவற்றால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. வண்டி நிறையப் பெண்களை வைத்துக்கொண்டு எவனும் அவற்றோடு வீம்பு பிடிக்கமாட்டான். பதினைந்து வருடமாக ஜெரால்டின் கை அதைச் செய்துவருகிறது. அன்றைக்கு மழையில், அந்த வெளிச்சத்தில், கைக்கு எது ரோடு, எது பந்தயம் என்று தெரியவில்லை.

ஆனால் ராத்திரிகளில் அவருக்கே சந்தேகம் வந்தது. இத்தனை வருடப் பந்தயத்தில் ஒருமுறைகூட நடக்காதது அன்றைக்கு ஏன் நடந்தது? மனதுக்குள் எங்கேயாவது தோற்க வேண்டும் என்று இருந்ததா? மெர்சியிடம் கேட்டார். "கர்த்தருக்குத் தெரியும்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் தெரியும். நீ தூங்கு" என்றாள்.

பந்தயக் கமிட்டி விசாரணைக்குக் கூப்பிட்டது. பந்தயத்தை விற்றார் என்று முடிவானால் பந்தயம் ஓட்டுகிற லைசென்ஸ் போய்விடும். அந்தப் பெயர் சாகும்வரை கூடவே வரும். பந்தயம் முடிந்த நாளிலிருந்து சரியாக முகம்கொடுத்துப் பேசாத ஹேமநாத், விசாரணைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தார்.

"கியர் விழல, அதான் ஒதுங்குனேன்னு சொல்லிடு" என்றார். "கியர்பாக்ஸ் நான் கட்டுனதுதானே? நானே வந்து தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். முடிஞ்சிச்சி."

ஜெரால்டு முதலில் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு பெரிய மனது யாருக்கு வரும்? அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டியவனாக நண்பன் தன்னை நினைத்துவிட்டான்.

"அப்போ நீயும் நம்பல" என்றார்.

ஹேமநாத் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நந்தினியும் வந்திருந்தாள். "நான் கடுப்புல லைட் அடிச்சேன் சார். அவர் ஒதுங்குவார்னு நினைக்கவே இல்ல. எனக்கே பயமாயிடுச்சு" என்றாள். ஜெரால்டிடம் கேட்டபோது அவர் முதலில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பழக்கம் சார்." ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். பிறகு ஜெரால்டு வேன் வழக்கத்தை விளக்கிச் சொன்னார், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். விற்றதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் கவனக்குறைவாக ஓட்டியதற்கு எச்சரிக்கை என்று முடிவானது. பதினைந்து வருடத்தில் வேனில் ஒரு கீறல் விழவிடாத மனிதருக்கு, வழிவிட்டதற்காகக் கவனக்குறைவு என்று பெயர்.

ஜெரால்டும், கூடவே வந்து வெளியே காத்திருந்த ஹேமநாத்தும் வேனில்தான் திரும்பினார்கள். செங்குன்றம் தாண்டியதும் ஜெரால்டு வெடித்தார்.

"உலகமே பேசட்டும். நீ எப்பிட்ரா நெனைக்கலாம்? நான் காசு வாங்குறவனா? சொல்லு!"

"நீ வாங்குனன்னு நான் சொன்னனா?"

"சொல்லல. கியர்பாக்ஸ தூக்கிக்கினு வந்த இல்ல? அதுக்கு அர்த்தம் இன்னா? எத்தினி வருசம் உன் கார ஓட்டியிருக்கேன்? ஒரு நாளாவது ஆக்ஸிலேட்டர உட்டனா?"

குரல் உச்சத்துக்குப் போயிருந்தது. முகம் ஹேமநாத்தின் பக்கம் பாதி திரும்பியிருந்தது. பின்னால் ஏதோ ஒரு டிரெய்லர் இரண்டு முறை விளக்கை மின்னவிட்டது. ஜெரால்டின் விரல் இண்டிகேட்டர் லிவரைத் தட்டியது. வேன் இடப்பக்கம் ஒதுங்கியது. டிரெய்லர் பூமி அதிரக் கடந்து போனது. வேன் மறுபடி தன் வழிக்கு வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் திட்டு ஒரு வார்த்தைகூட நிற்கவில்லை.

ஹேமநாத் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, வாய்ல கொழுக்கட்டையா? பதில் சொல்லு!"

"இப்ப ஒரு வண்டிக்கு வழி உட்ட, தெரியுமா?"

"எந்த வண்டிக்கு?"

ஹேமநாத் கண்ணாடிக்கு வெளியே கை காட்டினார். டிரெய்லர் அதற்குள் தூரத்தில் சின்னதாகியிருந்தது. ஜெரால்டு அதைப் பார்த்தார், பிறகு லிவரைப் பார்த்தார், பிறகு தன் விரலைப் பார்த்தார். தோற்க நினைத்தேனா என்று தன்னிடமே கேட்டுக்கொண்டு கிடந்த ராத்திரிகளுக்கு அப்போதுதான் விடை கிடைத்தது போல இருந்தது.

"எனுக்குத் தெர்லடா" என்றார் மெதுவாக.

"அதான் தெரியுதே" என்றார் ஹேமநாத். கொஞ்ச தூரம் போனதும், "மன்னிச்சிக்கோடா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து ஜெரால்டு கேட்டதில்லை. இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை ஜெரால்டு ஷெட்டுக்குப் போனபோது ஹேமநாத் பந்தயக் காருக்குள் தலையை விட்டிருந்தார். இண்டிகேட்டர் லிவர் தனியாகக் கழன்று சீட்டின் மேல் கிடந்தது.

"லிவர கழட்டிட்டா மட்டும் போதுமா? வண்டி ஒதுங்கிடுமேடா" என்றார் ஜெரால்டு.

"ஒதுங்கட்டும். வர்ற வருசம் பின்னாடி வர்றவங்க லைட்டையெல்லாம் போய் நான் கழட்டிட்டு வரேன்" என்ற ஹேமநாத், தலையை வெளியே எடுக்காமலே ஸ்பேனருக்குக் கையை நீட்டினார்.

ஜெரால்டு எடுத்துக் கொடுத்தார்.